ஆயிரத்து ஒன்றில் தொடங்கிய எண்

செய்வினை, கண்ணேறு, காத்து கருப்பு என்று ஸ்டாஃப் ரூமில் யாராவது பேச்செடுத்தால் முதலில் எழுந்து வெளியே போகிறவள் நானாகத்தான் இருப்பேன். ராமநாதபுரத்தில் ஒரு பள்ளியில் இருபது வருடத்துக்கு மேலாகக் கணக்கு டீச்சராக இருக்கிறேன். விடை மட்டும் சரியாக இருந்தால் முழு மார்க் போட மாட்டேன், எந்த வழியில் வந்தது என்று எழுதிக் காட்ட வேண்டும். அப்படிப்பட்ட நான் வழி காட்ட முடியாத ஒரு விடையை வைத்துக்கொண்டு இப்போது உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் பாதியிலேயே சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் சொல்லப்போகிற எண்கள் நானே திரையில் பார்த்தவை, ஒரு தடவை இல்லை, பல தடவை. அதில் மட்டும் என்னை யாரும் அசைக்க முடியாது.

முதலில் என் மகளுக்கு எப்படிப் பெயர் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. சர்டிபிகேட்டில் அவள் வித்யா. வீட்டில் தவிடு. சிரிக்காதீர்கள், எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. எங்களுக்கு உத்தரகோசமங்கைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். முதல் பிள்ளை தங்காமல் போய் அடுத்தது பிறந்தால், அதைச் சுளகில், அதாவது முறத்தில், வைத்துக் குப்பைமேட்டில் போட்டுவிடுவார்கள். வேற்று வீட்டுப் பெண் ஒருத்தி வந்து எடுத்துக்கொள்வாள். அவளிடம் ஒரு படி தவிட்டைக் கொடுத்து, பெற்றவளே பிள்ளையை விலைக்கு வாங்க வேண்டும். இது எங்கள் பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கினது என்று சாவிடம் சொல்லி ஏமாற்றுகிற ஏற்பாடு. எங்கள் வயலில் வேலை பார்த்த பாக்கியம்தான் வித்யாவைக் குப்பைமேட்டிலிருந்து எடுத்தாள், நான் தவிடு அளந்து கொடுத்து வாங்கினேன். எனக்கு அதில் ஒரு துளி நம்பிக்கை இல்லை. மாமியாருடன் சண்டை வேண்டாம் என்று செய்தேன், அவ்வளவுதான்.

அதில் ஒரு கட்டுப்பாடும் உண்டு. வாங்கின பிள்ளை காதில் விழும்படி, இறந்துபோன மூத்ததைப் பற்றி யாரும் பேசக்கூடாது. பேசினால் ஏமாற்று வெளுத்துவிடும். மாமியார் போய்ப் பல வருடம் ஆகியும், நம்பாத நான் அந்தக் கட்டுப்பாட்டை மட்டும் மீறவே இல்லை.

மூத்தவள் ஒன்பது நாள் இருந்தாள். நாங்கள் முப்பதாம் நாள்தான் பெயர் வைப்போம். அதனால் அவளுக்குப் பெயர் கிடையாது, ஊரைப் பொறுத்தவரை. ஆனால் ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் அவள் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது நான் மனதில் வைத்திருந்த பெயரை அவள் காதில் ஊதினேன். சத்தம் வெளியே வரவில்லை, வெறும் காற்றுதான் வந்திருக்கும். அந்தப் பெயரை நான் எங்கும் எழுதியது இல்லை, கணவரிடம்கூடச் சொன்னது இல்லை. இங்கேயும் சொல்லப்போவதில்லை. ஆங்கிலத்தில் எழுதினால் ஆறு எழுத்து என்பது மட்டும் உங்களுக்குப் போதும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஊரெல்லாம் தினம் இரண்டு மணி நேரம் கரண்டை நிறுத்திய வருடம் அது. வித்யாவுக்குக் கோயம்புத்தூரில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் கம்ப்யூட்டர் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. புதன்கிழமை கிளம்ப வேண்டும். அவளும் அவள் அய்யாவும், அதாவது என் கணவரும், பெட்டி வாங்குவதும் வாளி வாங்குவதுமாக இருந்தார்கள். பதினேழு வருடம் ராத்திரி எழுந்து எழுந்து மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்து வளர்த்த பிள்ளை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உள்ளூரிலேயே ஒரு காலேஜில் விண்ணப்பம் வாங்கி, அவளுக்குத் தெரியாமல் பூர்த்தி செய்து என் கைப்பையில் வைத்திருந்தேன். ஏதாவது ஒரு காரணம் கிடைத்தால் போதும், நிறுத்திவிடுவேன் என்று காத்திருந்தேன்.

அந்தக் காலேஜ் லேபில் எல்லாமே லினக்ஸ் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு விண்டோஸ்தான் தெரியும். எங்கள் வீட்டு டெஸ்க்டாப்போ செத்துக் கிடந்தது. எங்கள் ஊர் உப்புக்காற்றில் கம்ப்யூட்டர் உள்ளே ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடித்துவிடும். அத்தோடு யாரோ கொண்டுவந்த பென் டிரைவில் வைரஸ் வேறு. ஹார்ட் டிஸ்க்கே போய்விட்டது. புது டிஸ்க் வாங்கி மாட்டியிருந்தோம், உறையை நானே பிரித்தேன், அதனால் பழைய சரக்கு ஏதாவது மிச்சம் இருந்திருக்கும் என்று நீங்கள் சொல்ல முடியாது. எனக்குப் பள்ளியில் லினக்ஸ் பயிற்சி கொடுத்திருந்தார்கள். பள்ளி லேபில் பன்னிரண்டு மெஷினுக்கு நானும் கம்ப்யூட்டர் சாரும்தான் ஒரே சிடியில் லினக்ஸ் போட்டோம், ஒன்றுகூடச் சண்டித்தனம் செய்யவில்லை. அதே சிடியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, காலை கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் பத்தரை மணிக்கு ஆரம்பித்தோம். வித்யா பக்கத்தில் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். மொழி கேட்டது, கொடுத்தேன். உலகப் படத்தில் நேரம் கேட்டது, நம் நாட்டு நேரத்துக்கு அதில் கொல்கத்தாதான், அங்கே புள்ளி வைத்தேன். டிஸ்க் முழுவதையும் எடுத்துக்கொள்ளட்டுமா என்றது, எடுத்துக்கொள் என்றேன். பிறகு, இந்த மெஷினைப் பயன்படுத்தப்போகிறவர் யார் என்று கேட்டது.

யோசிக்கவே இல்லை, தவிடு என்று ஆங்கில எழுத்தில் தட்டினேன்.

"ஏம்மா, அத ஏன் போட்ட. யாராச்சும் பாத்தா என் மானம் போயிரும்."

"இத என்ன கோயம்புத்தூருக்கா தூக்கிட்டுப் போப்போற. வீட்டுலதான கெடக்கும்."

"விட்டா என்னயவும் அது பக்கத்துலயே கெடக்க வச்சுருவ."

கைப்பையில் இருந்த விண்ணப்பம் நினைவுக்கு வந்து, மவுஸைப் பிடித்து அடுத்தது என்பதை அழுத்தினேன். பெயர் கேட்ட அந்தக் கட்டத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் உண்டு. நான் ஒரு பெயரைத்தான் தட்டினேன், அதற்குச் சாட்சி பக்கத்திலேயே உட்கார்ந்து வாயடித்துக்கொண்டு இருந்தது.

அரை மணி நேரம் ஓடியது. சிடியை எடு என்று சொல்லி மெஷின் தன்னைத்தானே அணைத்து எழுந்தது. உள்ளே போகிற திரை வந்தது, யார் பெயரில் போகிறீர்கள் என்று பட்டியல் காட்டுகிற திரை. நான் சிடியை உறையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, ரெண்டு பேரா போட்ட? இது யாரு?" என்று சொல்லி வித்யா அந்தப் பெயரை வாசித்தாள்.

எழுத்துக் கூட்டி, சாதாரணமாக, வாயில் கடலையோடு வாசித்தாள். அந்தப் பெயரை ஒரு மனிதக் குரல் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மேலே நான் மூத்தவள் காதில் ஊதிய அந்தப் பெயர், கீழே தவிடு. ஏமாற்று வெளுத்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது. பாருங்கள், நம்பாதவளுக்குத் தோன்றியதை.

"ஒன் ஸ்டூடண்டா?"

"சிடிலயே இருந்திருக்கும். நீ போயி தயிர் வாங்கிட்டு வா."

"தயிரு இருக்கே."

"இருந்தா என்னடி, வாங்கிட்டு வா."

என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினாள். நான் உள்ளே புகுந்து பார்த்தேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும், இது சுலபம்தான். லினக்ஸ் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு எண் கொடுக்கும், வகுப்பு அட்டெண்டன்ஸ் மாதிரி. எங்கள் சிடியில் முதலில் சேர்க்கிற ஆளுக்கு ஆயிரம், அடுத்த ஆளுக்கு ஆயிரத்து ஒன்று. பள்ளியில் பன்னிரண்டு மெஷினிலும் முதல் ஆள் ஆயிரம்தான். இங்கே தவிடுக்கு ஆயிரத்து ஒன்று. ஆயிரம் அந்தப் பெயருக்கு. அதாவது அவள்தான் முதலில் வந்தவள்.

நீங்கள் இப்போது என்ன நினைக்கிறீர்கள் என்று தெரியும். மனதில் கிடந்த பெயர், நானே தெரியாமல் தட்டியிருப்பேன். நானும் அப்படித்தான் நினைத்துப் பார்த்தேன், அப்படி இருந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன். ஆனால் ஒரே ஒரு இடத்தில் இரண்டு பேரை எப்படித் தட்டுவது.

சிடியைத் திரும்பவும் போட்டு, டிஸ்க்கை முழுவதும் அழித்து, முதலிலிருந்து செய்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தையும் ஒரு விரலால் தட்டி, வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்தேன். அரை மணி நேரம் கழித்துத் திரை வந்தது. தவிடு மட்டும்தான் இருந்தது. உயிர் வந்தது எனக்கு. பிறகு எண்ணைப் பார்த்தேன்.

ஆயிரத்து ஒன்று.

ஆயிரம் என்ற எண்ணில் யாரும் இல்லை. வெறும் இடம். ஒருவருக்கென்று பிடித்து வைத்த பஸ் சீட்டைப் போல அது காலியாக இருந்தது.

"மொத ஆளுக்கு ஆயிரம்னு ஒங்க ஸ்கூல் லேபப் பத்திப் பேசுறப்ப நீதான சொன்ன?" வித்யா தயிரோடு என் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. "அப்ப ஆயிரம் யாரும்மா?"

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. அது நேரமே இல்லை, அன்றைக்கு முறைப்படி போக வேண்டியது காலையிலேயே போய்விட்டது. மெஷின் அணைந்தது, ஃபேன் நின்றது. நல்ல வெயில் நேரம், ஜன்னல் வழியாக வெளிச்சம் கொட்டிக்கொண்டிருந்தது, பேய்க்கதைக்கான எதுவும் அங்கே இல்லை. தெருவில் மீன்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டு போனார். அவள் தயிர்ப் பையை மேஜையில் வைத்துவிட்டு, "சொல்லு" என்றாள்.

சொன்னேன். பதினேழு வருடமாகச் சொல்லாததை, அவள் முன்னால் சொல்லவே கூடாது என்று இருந்ததை, உட்கார்ந்து சொன்னேன். ஒன்பது நாள், ஆஸ்பத்திரி, காதில் ஊதியது, குப்பைமேடு, பாக்கியம், எல்லாம். அவள் பயப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கோபப்பட்டாள்.

"எனக்கு ஒரு அக்கா இருந்தாள்னு ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. அதுக்குத்தான் என்னய ஸ்கூல் டூருக்குக்கூட விடாம வச்சிருந்தியா? தனுஷ்கோடிக்கு வகுப்பே போச்சு, நான் மட்டும் வீட்டுல இருந்தேன்."

"பயம்தான் ஆத்தா."

"பயந்தா சொல்லியிருக்கணும்ல." பிறகு, "பேரு நல்லாருக்கும்மா. அவளுக்கு அம்புட்டு அழகா வச்சுப்புட்டு எனக்கு மட்டும் தவிடு" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். நானும்தான்.

சாயங்காலம் கணவர் கிராமத்தில் கருவேல மரம் வெட்டுகிற வேலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அவரைச் சோதித்துப் பார்த்தேன். "மூத்ததுக்கு எதும் பேரு நெனச்சு வச்சிருந்தீங்களா?" என்று கேட்டேன். சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "அதுக்குள்ளதான் போயிருச்சே" என்றார். அவருக்குத் தெரியாது என்பது உறுதி. நடந்ததைச் சொன்னேன். நம்பினாரா இல்லையா தெரியவில்லை. "கேக்குறவங்களுக்கெல்லாம் ஒத்தப் பிள்ளைனுதான சொல்லிக்கிட்டுத் திரியிறோம்" என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் கம்ப்யூட்டர் சாரை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மனிதருக்கு இருபத்தாறு வயது, எதற்கும் அசராதவர். "எங்கயாச்சும் ஒரு ஆளச் சேத்து அழிச்சிருப்பீங்க டீச்சர்" என்றார். கதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை, நீங்களே போட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொல்லி நான் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். அவரே தன் கையால் அழித்து, தன் பெயரையே கொடுத்துப் போட்டார். ஆயிரத்து ஒன்று. இன்னொரு தடவை போட்டார். ஆயிரத்து ஒன்று. டீயைக் குடித்துவிட்டு, "மதர்போர்டு ஏதோ சரியில்ல டீச்சர்" என்று எழுந்தார். மதர்போர்டுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவர் என்னிடம் இந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

செவ்வாய்க்கிழமை அந்த விண்ணப்பத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். ஏன் என்றால், கட்டுப்பாட்டை மீறியாகிவிட்டது. நடக்கக்கூடாது என்று பயந்த ஒன்று நடந்துவிட்டது, பிள்ளை நல்லபடியாக இட்லி தின்றுகொண்டிருந்தாள். இனி எதைச் சொல்லி நிறுத்துவது. புதன்கிழமை ஊருக்குப் போய்ப் பாக்கியத்திடம் சொல்லிக்கொண்டு கிளம்பினோம். வாங்கின இடத்தில் சொல்லாமல் அனுப்பக்கூடாது. பாக்கியம் வித்யாவின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "படிச்சு முடிச்சு ஒழுங்கா வந்து சேரு ஆத்தா. இல்லாட்டி ஒரு படித் தவிடு பத்தலனு ஒங்கம்மாகிட்ட ஒன்னையத் திருப்பிக் கேட்டு வந்துருவேன்" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

இரண்டு மாதம் கழித்து ஹாஸ்டலிலிருந்து போன் வந்தது.

"அம்மா, இன்னக்கி லேபுல ஆளுக்கு ஒரு மெஷின் குடுத்து லினக்ஸ் போடச் சொன்னாக. எல்லாருக்கும் ஆயிரம். எனக்கு என்ன வந்துச்சு சொல்லு."

நீயே சொல்லு என்றேன்.

"ஆயிரத்து ஒண்ணும்மா. அக்கா எனக்கு முன்னாடியே வந்து சீட்டப் போட்டு உக்காந்துட்டா" என்று சிரித்தாள். அவள் கொடுத்தது சர்டிபிகேட் பெயரைத்தான்.

போனை வைத்ததும் வீட்டு மெஷினில் சிடியைப் போட்டேன். என் பெயரைக் கொடுத்தேன். ஆயிரம். அழித்துக் கணவர் பெயரைக் கொடுத்தேன். ஆயிரம். வித்யா வீட்டில் இருந்தவரை எத்தனை தடவை போட்டாலும் வராத ஆயிரம், அவள் போன பிறகு ஒவ்வொரு தடவையும் வந்தது. மூத்தவள் இங்கே இல்லை. தங்கையோடு போய்விட்டாள்.

உங்களிடம் மறைக்க மாட்டேன், அன்றைக்கு ராத்திரிதான் நான் பதினேழு வருடத்தில் முதல் தடவையாக முழித்துப் பார்க்காமல் தூங்கினேன். பயந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்குப் பயம் போனது. துணை இருக்கிறது என்று ஒரு தெம்பு வந்தது. மற்ற அம்மாக்கள் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள், நான் அதோடு சேர்த்து, லேப் மெஷினில் திரும்ப லினக்ஸ் போட்டாயா, எத்தனை வந்தது என்றும் கேட்பேன். அவளும் மாதம் ஒரு தடவை எதையாவது கெடுத்துவிட்டுத் திரும்பப் போடுவாள். ஆயிரத்து ஒன்று என்பாள். சரி என்று போனை வைப்பேன்.

நேற்று முன்தினம், வியாழக்கிழமை, அவளே கூப்பிட்டாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"அம்மா, நேத்து புதுசாப் போட்டேன். எனக்கு ஆயிரம் வந்திருக்கும்மா. ரெண்டு தடவ போட்டுப் பாத்துட்டேன். அக்காவக் காணோம்."

ஒன்றும் இல்லை, சிடி வேறாக இருக்கும் என்று சொல்லி வைத்தேன். எப்போதும் போடுகிற அதே சிடிதான் என்று அவளுக்கும் தெரியும். பள்ளிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து என் மெஷினை அழித்துப் போட்டேன். என் பெயரைக் கொடுத்தேன்.

ஆயிரத்து ஒன்று.

மூத்தவள் திரும்பி வந்திருக்கிறாள். எதற்காக வந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. எதைக் கேட்க வந்தாள், என்ன சொல்ல வந்தாள், தங்கையை அங்கே தனியாக விட்டுவிட்டு ஏன் வந்தாள். எவ்வளவு யோசித்தாலும் வழி கிடைக்கவில்லை. அன்றைக்கு மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாதபோது, திரை முன்னால் உட்கார்ந்து அந்தப் பெயரை முதல் தடவையாக வாய்விட்டு, சத்தமாகக் கூப்பிட்டேன். நீ இங்கன இருக்க வேண்டாம் ஆத்தா, அவகிட்டப் போ என்றேன். கணக்கு டீச்சர் நான், கம்ப்யூட்டரிடம் பேசினேன்.

பிறகு வித்யாவைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை போட்டுப் பார் என்றேன். "பரீட்சை இருக்கும்மா, ஞாயித்துக்கெழம போடுறேன்" என்றாள். இன்றைக்கு சனிக்கிழமை. வீட்டு மெஷினைத் திரும்ப அழித்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, துண்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். நாளைக்கு அவள் சொல்லப்போகிற எண்ணுக்காகப் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இருக்கிறேன்.